நார்மல் ஆயிடுச்சு... நிறுத்திடலாமா?

"எல்லாம் நார்மலா வந்துடுத்து. மாத்திரையை விட்டுட்டேன்" என்பார் மும்பை மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸில் காலை நடை நடக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. "நார்மலுக்கு வந்துட்டுல்லா, இனி என்னத்துக்கு மாத்திர?" என்பார் தாராவி 90 அடி சாலையில், டீக்கடை வாசலில் கிளாஸோடு நிற்கும் நெல்லை அண்ணாச்சி. செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் படியில் மூச்சு வாங்க உட்காரும் அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், "டாக்டரைக்கூடக் கேக்கலை, நானே நிறுத்திட்டேன்" என்பார். மூன்று பேட்டை, மூன்று பேச்சு வழக்கு. தொனி மட்டும் ஒன்று: பரீட்சையில் பாஸாகிவிட்ட தொனி.

கொலஸ்ட்ராலைப் பற்றி எழுதுகிற எல்லோரும் நெய், முட்டை, வடை என்று தட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். நான் 'நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்' என்ற இந்த வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். நம்மவர்களின் இதயத்துக்கு வடையைவிட அதிகக் கெடுதல் செய்வது இதுதான் என்பது என் கட்சி.

மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பள்ளமான இடம். நாலு மணி நேரம் கொட்டினால் முழங்கால் அளவு தண்ணீர். மாநகராட்சி பம்புகளை ஓட்டி இறைக்கும். சாலை தெரியத் தொடங்கியதும் "வடிந்துவிட்டதே" என்று, மழை பெய்துகொண்டிருக்கும்போதே பம்பை நிறுத்தினால் என்ன ஆகும்? மாத்திரை என்பது பம்பு. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்தது பம்பு ஓடியதால். மழை இன்னும் நிற்கவில்லை. அதைப் பொழிகிறவர் நம் வயிற்றின் வலது மேல்பக்கம் உட்கார்ந்திருக்கும் கல்லீரல்.

நாம் சாப்பிடுவதிலிருந்து நேராக வரும் கொலஸ்ட்ரால் சிறுபங்குதான். பெரும்பங்கை உடம்பே தயாரிக்கிறது. அதில் தப்பும் இல்லை. செல்களின் சுவருக்கு அது வேண்டும், பித்தநீருக்கு வேண்டும், பாலின ஹார்மோன்களுக்கும் வைட்டமின் டி-க்கும் மூலப்பொருளே அதுதான். எண்ணெய்ப் பசையுள்ள பொருள், ரத்தமோ தண்ணீர்ப் பாங்கானது. கலக்காது. ஆகவே புரத உறை போட்டு, பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டியிருக்கிறது. எல்.டி.எல். என்பது அப்படி ஒரு பொட்டலம். வேலை முடிந்த பொட்டலங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள, கல்லீரல் செல்களின் மேல் கொக்கிகள் மாதிரி ஏற்பிகள் உண்டு. கொக்கி குறைந்தால் பொட்டலங்கள் ரத்தத்திலேயே சுற்றும், தமனிச் சுவருக்குள் புகுந்து தங்கும், ஆண்டுக்கணக்கில் படியும். இந்தக் கொக்கிகளைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

எல்.டி.எல். ஏறினால் வலிக்காது, அரிக்காது, தலை சுற்றாது. சர்க்கரைக்காவது தாகம் என்று ஒன்று உண்டு. எல்.டி.எல். 190 இருக்கிறவரும் சர்ச்கேட் ஃபாஸ்ட் ரயிலில் ஓடி ஏறுவார். அறிகுறி இல்லாத நோய்க்கு தினமும் மாத்திரை என்றால் மனசு ஏற்பதில்லை. நிறுத்தச் சாக்கு தேடுகிறது. ரிப்போர்ட்டே அந்தச் சாக்கைக் கொடுத்துவிடுகிறது.

அரிசியில் பூத்த பூஞ்சை

அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்பது அரிசி தின்னும் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டிய கதை. ஜப்பானில் வடக்கே அகிதா என்ற பகுதி. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோவுக்குச் சின்ன வயதிலிருந்தே காளான், பூஞ்சை என்றால் பித்து. பெனிசிலினைக் கண்டெடுத்த ஃபிளெமிங் அவருடைய ஆதர்சம். பூஞ்சை தன் எதிரிக் கிருமிகளை ஒழிக்க, அவை கொலஸ்ட்ரால் போன்ற பொருளைச் செய்யவிடாமல் தடுக்கும் ரசாயனம் எதையாவது சுரக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். 1971இலிருந்து சான்க்யோ நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஏறக்குறைய 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்தார். 1973இல் அகப்பட்டது. கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பிடித்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சை அது.

அதோடு முடியவில்லை. எலிக்குக் கொடுத்தால் எலியின் கொலஸ்ட்ரால் அசையவேயில்லை. நிறுவனம் கைகழுவப் பார்த்தது. முட்டையிடும் கோழிகளை வைத்திருந்த சக விஞ்ஞானி ஒருவர் உதவ, கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மளமளவென்று இறங்கியது. அந்த முதல் மருந்து பிறகு வேறு காரணங்களால் கைவிடப்பட்டது. அதே வழியில் போன அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தின் லோவாஸ்டாட்டின்தான் 1987இல் முதலில் விற்பனைக்கு வந்தது. இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்கள் விழுங்கும் ஸ்டாட்டின் குடும்பத்தின் மூதாதை அந்த அரிசிப் பூஞ்சை. எண்டோவுக்கு அதில் ராயல்டி என்று ஒரு பைசா வரவில்லை. 2024இல், 90 வயதில் காலமானார்.

ஸ்டாட்டின் செய்வது இரண்டு வேலை. கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைக்கிறது. சரக்கு குறைந்த கல்லீரல், கொக்கிகளை அதிகமாக நீட்டி ரத்தத்திலிருக்கும் எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் தயாரிப்பும் பழையபடி, கொக்கியும் பழையபடி. காந்தி மார்க்கெட்டில் மறுபடி முழங்கால் தண்ணீர்.

தேங்காயெண்ணெய், டால்டா, வெண்டைக்காய்

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். வராமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது.

தாராவியில் விடிவதற்கு முன்பே இட்லி வெந்துவிடும். அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, பாம்... பாம்... என்று ஹாரனை அமுக்கிக்கொண்டு நம் ஆட்கள் மும்பையின் தெருக்களுக்குப் போவார்கள். மராத்தியும் குஜராத்தியும் காலையில் சாப்பிடும் இட்லி பெரும்பாலும் ஏதோ ஒரு தமிழ் வீட்டு அடுப்பில் வெந்தது. அந்த இட்லி மேல் எந்தக் குற்றமும் சொல்ல முடியாது. ஆவியில் வெந்தது, கொழுப்பு அனேகமாக இல்லை. குற்றவாளி அதே பாத்திரத்தில் பக்கத்துத் தட்டில் இருக்கும் மெதுவடை. அதிலும் குற்றம் உளுந்தின் மேல் இல்லை, உளுந்து நல்லது. பொரித்த எண்ணெய்தான் விஷயம்.

தாராவியில் முறுக்கு, சிப்ஸ், ஃபர்சான் பொரிக்கும் பட்டறைகளில் கொதிப்பது பெரும்பாலும் பாமாயில். விலை கட்டுபடியாகும், சூடு தாங்கும். ஆனால் அதில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. இந்த வகைக் கொழுப்புதான் கல்லீரலின் கொக்கிகளைக் குறைத்து எல்.டி.எல்.லை ஏற்றுகிறது, உணவில் இருக்கும் கொலஸ்ட்ராலைவிட இதன் கை ஓங்கியது. போதாததற்கு, ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது. கறுத்து, பிசுக்கேறி, நுரைக்கும் அந்த எண்ணெய்க்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இலிருந்து ஒரு வரம்பு வைத்திருக்கிறது: கெட்டுப்போன மூலக்கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் ஊற்றிவிட வேண்டும். சந்துக் கடைகளில் அதை அளக்க மீட்டரோடு யார் வருகிறார்கள்? நிறத்தையும் நுரையையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாட்டுங்காவின் கதை வேறு. பாலக்காட்டுக் குடும்பங்கள் நிறைந்த தெருக்கள். அவியலுக்கு மேலே பச்சைத் தேங்காயெண்ணெய் சுற்றவில்லை என்றால் அது அவியலே இல்லை. ஓலன், காளன், எரிசேரி, எல்லாவற்றிலும் தேங்காய் உண்டு. சமீப காலமாக வாட்ஸ்அப் புண்ணியத்தில் தேங்காயெண்ணெய்க்கு அமிர்தப் பட்டம் கிடைத்திருக்கிறது. "அந்தக் காலத்துல பாட்டி இதைத்தான் சாப்பிட்டா, தொண்ணூறு இருந்தா" என்பது வாதம். பாட்டி இருந்தாள், உண்மை. அவளோடு பிறந்தவர்களில் ஐம்பதில் போனவர்கள் குழு ஃபார்வர்டில் வருவதில்லை. தேங்காயெண்ணெயில் பத்துக்கு ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. 2020இல் பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு ஆய்வு, பாமாயில் போன்றவற்றை விட்டு மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.லைச் சுமார் 10 புள்ளி ஏற்றுவதாகச் சொன்னது. அதற்காக அவியலை நாடு கடத்த வேண்டாம். மேலே ஒரு ஸ்பூன் வாசனைக்கு இருக்கட்டும். தாளிக்கவும் வதக்கவும் பொரிக்கவும் அதையே தினமும் ஊற்றுவதுதான் சங்கதி. திருநெல்வேலிக்காரர்கள் நல்லெண்ணெய்யோடு வந்தவர்கள். அதை விட்டுவிட்டுப் பாமாயிலுக்கு மாறியது இந்த ஊர் தந்த சீர். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டிலும் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

இடையில் ஒரு சின்ன விஷயம். எண்ணெய் டப்பாவில் 'கொலஸ்ட்ரால் அறவே இல்லை' என்று பச்சை எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருந்ததே கிடையாது. 'இந்த மாம்பழத்தில் எலும்பு இல்லை' என்று விளம்பரம் செய்வது மாதிரி.

பழைய தலைமுறைக்கு டால்டா ஞாபகம் இருக்கும். மஞ்சள் டப்பா, பச்சைப் பனைமரம். அதன் பிறப்பிடமும் இந்த ஊர்தான். 1932இல் சிவ்ரியில் வனஸ்பதி ஆலை தொடங்கியது. 1937இல் டால்டா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. சிவ்ரி மாட்டுங்காவிலிருந்து அதிக தூரம் இல்லை. ஏழை வீட்டு நெய் என்று கல்யாணச் சமையல் வரை போனது. தாவர எண்ணெய்யை ஹைட்ரஜன் ஏற்றி இறுகச் செய்யும்போது அதில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, எல்.டி.எல்.லை ஏற்றி, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல்.லை இறக்கும் இரட்டைக் கொடுமை என்பது பிறகுதான் தெரிந்தது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய்யிலும் வனஸ்பதியிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியச் சட்டம்.

நெய்யைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இதே மும்பையிலிருந்து இன்னொரு பழைய கதையும் உண்டு. நெய் ரசிகர்கள் அடிக்கடி எடுத்து வீசுவது. 1967இல், பம்பாயில் மேற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த எஸ்.எல். மல்ஹோத்ரா, நாடு முழுக்க ரயில்வே ஊழியர்களின் இதயநோய் மரணங்களைக் கணக்கெடுத்து 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதினார். நெய்யும் பாலும் ஏராளமாகச் சாப்பிட்ட வடக்கத்தியரைவிட, கொழுப்பு குறைவாகச் சாப்பிட்ட தென்னிந்திய ஊழியர்களிடம் மரண விகிதம் சுமார் ஏழு மடங்கு! "பார்த்தீங்களா, நெய் நல்லது!" என்று குதிப்பதற்கு முன் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் ஊரை ஊரோடு ஒப்பிட்டார். ஒருவர் தட்டை மாற்றி, ரத்தத்தில் என்ன ஆகிறது என்று பார்க்கவில்லை. ஊருக்கு ஊர் வேலை வேறு, உழைப்பு வேறு, மரணத்துக்குக் காரணம் எழுதும் மருத்துவர்கூட வேறு. தட்டை மாற்றிப் பார்த்த பிற்காலச் சோதனைகளில் நெய், வெண்ணெய்க்குப் பதில் திரவ எண்ணெய் வந்தால் எல்.டி.எல். இறங்குகிறது, மறுபடி மறுபடி அப்படித்தான். எனக்கு மல்ஹோத்ராவின் கணக்கில் உறைப்பது வேறு விஷயம்: அறுபது வருஷத்துக்கு முன்பே தென்னிந்தியர்களின் இதயம் கவலைக்கிடம் என்று ஒரு பம்பாய் டாக்டர் மணி அடித்திருக்கிறார்.

முட்டைப் பிரியர்களுக்கு நல்ல சேதி உண்டு. ஒரு மஞ்சள்கருவில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருந்தாலும், பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரு முட்டை ரிப்போர்ட்டைப் பெரிதாகப் புரட்டிப் போடுவதில்லை. முட்டையோடு வரும் வெண்ணெய் தடவிய பாவ்தான் புரட்டும்.

எதைக் குறைப்பது என்பதைவிட எதைச் சேர்ப்பது என்பது சுவாரஸ்யம். டொரன்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் 2003இல் ஒரு சோதனை செய்தார். 46 பேர், நாலு வாரம். ஒரு குழுவுக்குக் கொழுப்பு குறைந்த சாதாரண உணவு: எல்.டி.எல். 8 சதவீதம் இறங்கியது. இரண்டாவது குழுவுக்கு அதே உணவோடு லோவாஸ்டாட்டின் மாத்திரை: 31 சதவீதம். மூன்றாவது குழுவுக்கு மாத்திரை இல்லை. ஓட்ஸ், பார்லி, இசப்கோல், பாதாம், சோயா, தாவர ஸ்டெரால் சேர்த்த மார்ஜரின்... கூடவே வெண்டைக்காயும் கத்திரிக்காயும்! அவர்களுக்கு 29 சதவீதம். மாத்திரையின் தோளைத் தொட்டுவிட்டது.

வெண்டைக்காய்ப் பச்சடியையும் கத்திரிக்காய்க் கொத்சுவையும் ஒரு கனடாக்காரர் மருந்துச் சீட்டில் எழுதினார் என்பது நமக்குப் பெருமைதான். சூட்சுமம் அந்தக் கொழகொழப்பில் இருக்கிறது. கரையும் நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியே தள்ளும். புதிய பித்தநீர் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டும். பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, வெந்தயம் எல்லாம் இந்தக் கட்சி. இசப்கோல் பக்கத்துக் குஜராத்தின் பயிர். மும்பையில் எந்த மெடிக்கலிலும் மலச்சிக்கலுக்கு என்று விற்கிறார்கள், எல்.டி.எல்.லையும் கொஞ்சம் இறக்கும். லோக்கல் ரயிலில் 'டைம்பாஸ்' என்று விற்கும் வேர்க்கடலையும் நல்லதுதான், உப்பு குறைந்திருந்தால்.

ஆனால் ஒன்று. ஜென்கின்ஸின் ஆட்களுக்குச் சாப்பாட்டை அளந்து, பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். ஏ. ராம நாயக் 1942இல் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் தொடங்கிய உடுப்பி போர்டிங்கின் வாழை இலை முன் உட்கார்ந்தபடி அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றுகிறவருக்கு நான் தலைவணங்குகிறேன். நடைமுறையில், ஒழுங்காகச் சாப்பிடும் வீடுகளில் எல்.டி.எல். பத்து பதினைந்து சதவீதம் இறங்கினாலே பெரிய காரியம். லேசாக எகிறியவர்களுக்கு அது போதும். 170, 180 என்று நிற்கிறவர்களுக்குப் போதாது. இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது, என்னவோ அவர்கள் பத்தியத்தைக் குறை சொல்லிவிட்ட மாதிரி.

சோறு? எல்.டி.எல்.லில் அதற்கு நேரடிப் பங்கு குறைவு. ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு எண் உண்டே, அதை ஏற்றுவது குவித்து வைத்த வெள்ளைச் சோறும் சர்க்கரையும் மதுவும். காபிக்கு ஒரு வரி: காய்ச்சிய டிகாஷனில் கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் ஏற்றும் கஃபெஸ்டால் என்ற பொருள் உண்டு, காகித வடிகட்டி அதைப் பிடித்துவிடும். நம் ஃபில்டரோ உலோகம். இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொண்டால் சண்டை இல்லை.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர் காய்ச்சிய அந்தப் பிரசித்தமான கஷாயத்தைப் பற்றிக் கேட்கிறீர்களா? ரசமாக வைத்துச் சாப்பிடுங்கள், ருசியாவது இருக்கும்.

எவ்வளவு இருந்தால் எவ்வளவு?

ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வரும் 'நார்மல்' என்பதிலேயே ஒரு மோசடி ஒளிந்திருக்கிறது. லேபில் அச்சடிக்கும் வரம்பு எல்லோருக்கும் ஒன்று. மனிதர்கள் அப்படி இல்லை. இந்திய இதயநோய் மருத்துவர் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை நேராகவே சொல்கிறது: பெரிய ஆபத்து எதுவும் இல்லாதவருக்கு எல்.டி.எல். 100க்குக் கீழே இருந்தால் சரி. சர்க்கரை அல்லது ரத்தக்கொதிப்பால் ஆபத்து கூடியவருக்கு 70க்குக் கீழே. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு, ஸ்டென்ட் வைத்தவருக்கு 55க்குக் கீழே. ஆக, 95 என்று வந்த ஒரே ரிப்போர்ட் ஒருவருக்கு நிம்மதி, அடுத்தவருக்கு அபாய மணி. லேப்காரருக்கு நீங்கள் யார் என்று தெரியாது.

அதே வழிகாட்டுதல் இன்னும் இரண்டு நல்லது சொன்னது. முதல் பரிசோதனையை 18 வயதிலேயே செய்துவிடலாம். சாதாரணமாக இதற்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை. ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருப்பவர்களுக்குத்தான் அது வேண்டும். தினக்கூலிக்குப் போகும் தாராவிக்காரருக்கு இந்த இரண்டாவது விஷயம் அரைநாள் சம்பளம்.

பதினெட்டில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்தபோது தெற்காசியர்களின் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. ஆறு வருஷம் முந்திக்கொள்கிறோம். சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுக்க 1,13,000க்கு மேற்பட்டவர்களைச் சோதித்து 2023இல் வெளியிட்ட கணக்கில், பெரியவர்களில் 24 சதவீதம் பேருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம். நாலு பேர் உட்காரும் லோக்கல் சீட்டில் ஒருவர்.

சில வீடுகளில் இது சாப்பாட்டால் வருவதே இல்லை. பரம்பரையாக எல்.டி.எல். கொக்கி பழுதான குடும்பங்கள் உண்டு. உலகில் சுமார் 250 பேரில் ஒருவர். எல்.டி.எல். 190க்கு மேல், குதிகால் தசைநாணிலோ முழங்கையிலோ மஞ்சள் கட்டிகள், அப்பா நாற்பத்தைந்தில் போனார், சித்தப்பா ஐம்பதில் போனார் என்று கதை இருந்தால், 'குடும்ப ராசி' என்று விடாமல் பிள்ளைகள் எல்லோருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். லிப்போபுரோட்டீன்-ஏ என்று இன்னொரு வம்சச் சொத்து உண்டு. வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும்.

மாத்திரையின் மேல் ஏன் இத்தனை கோபம்?

"ஸ்டாட்டின் ஆரம்பிச்சா விட முடியாது." "கல்லீரல் போயிடும்." "கால் குடையுது." மூன்றாவதில் உண்மை உண்டு, சிலருக்குத் தசைவலி வருகிறது. எவ்வளவு பேருக்கு என்பதுதான் கேள்வி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டவர்கள் 60 பேர். ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு புட்டி. நாலில் ஸ்டாட்டின், நாலில் மருந்தில்லாத வெற்று மாத்திரை, நாலு காலிப் புட்டி. எது எது என்று மாத்திரை இருக்கும் புட்டிகளில் தெரியாது. தினமும் உபத்திரவத்தைக் குறித்துவைத்தார்கள். 2020இல் முடிவு வந்தது: ஸ்டாட்டின் மாதத்தில் பட்ட அவஸ்தையில் 90 சதவீதத்தை வெற்று மாத்திரை மாதத்திலும் பட்டிருக்கிறார்கள். வலி பொய்யில்லை. வலித்தது உண்மை. வலிக்க வைத்தது பெரும்பாலும் மாத்திரை விழுங்குகிறோம் என்ற நினைப்பு. முடிவைப் பார்த்த பிறகு பாதிப் பேர் மருந்தை மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

நிஜமான தொல்லைகளும் உண்டு, மறைக்க வேண்டாம். சர்க்கரை விளிம்பில் இருப்பவரை ஸ்டாட்டின் சற்றுச் சீக்கிரம் உள்ளே தள்ளலாம். ஆனால் தடுக்கும் மாரடைப்புகளின் முன் அந்தச் சேதம் சின்னது. தசை கடுமையாக வலித்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரி. மிக அபூர்வம். கர்ப்பம் தரித்தவர்களும் தரிக்க நினைப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. வேறு வியாதிக்குச் சில ஆன்ட்டிபயாடிக் எழுதும்போது 'ஸ்டாட்டின் எடுக்கிறேன்' என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிலது அதோடு மோதும்.

பலன்? 1994இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, ஸ்காண்டினேவிய நாடுகளில் இதயநோயுள்ள 4,444 பேரைச் சுமார் ஐந்தரை ஆண்டு கவனித்தார்கள். சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களில் எல்லாக் காரண மரணங்களும் சேர்த்தே 30 சதவீதம் குறைவு. பிறகு வந்த சோதனைகளைக் கூட்டிப் பார்த்தால், எல்.டி.எல்.லைச் சுமார் 40 புள்ளி இறக்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன.

இன்னொரு சூட்சுமம் டாக்டர்கள் சொல்ல நேரமில்லாமல் விடுவது. 10 மில்லிகிராம் அட்டார்வாஸ்டாட்டின் எல்.டி.எல்.லை 35 சதவீதத்துக்கு மேல் இறக்கும். அதை 20 ஆக்கினால் எழுபது என்று நினைக்காதீர்கள். இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் கூடுதலாக 6 சதவீதம்தான். அதனால்தான் ஒரு கட்டத்துக்கு மேல் டோஸை ஏற்றாமல், குடலில் உறிஞ்சுவதைத் தடுக்கும் எசெடிமைப் என்ற மருந்தை ஜோடி சேர்க்கிறார்கள். அது தனியாக ஐந்தில் ஒரு பங்கு வேலை பார்க்கும். அதற்கும் மசியாதவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டே ஊசி போடும் இன்கிளிசிரான் வரை வந்துவிட்டது. விலை தாராவிக்கு எட்டாது, செம்பூருக்கே கஷ்டம்.

சாதாரண ஸ்டாட்டின் அப்படி இல்லை. ஜன் ஔஷதிக் கடையில் ஒரு மாத மாத்திரைக்கு ஆகும் செலவு ஒரு சில வடாபாவ்தான். தாராவியின் ஓரத்திலேயே சயன் மாநகராட்சி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2022இல் தொடங்கிய 'ஆப்லா தவாகானா' மாநகராட்சிக் கிளினிக்குகள் வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலையிலும் திறந்திருக்கின்றன. பணம் தடையாக இருந்த காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மெடிக்கல் கடைக் கத்தரிக்கோல்தான் இன்னும் முடியவில்லை: "பத்து வேண்டாம், அஞ்சு வெட்டிக் குடுங்க" என்று ஸ்ட்ரிப்பைப் பாதியில் கத்தரித்து வாங்கும் பழக்கம். ஜுரத்துக்கு அது சரி.

நடை? நடக்கத்தான் வேண்டும், ஆனால் அது எல்.டி.எல்.லைப் பெரிதாக இறக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ட்ரைகிளிசரைடு, எடை, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை இவற்றுக்குத்தான் நடை ராஜா. ஃபைவ் கார்டன்ஸும் செம்பூர் டயமண்ட் கார்டனும் இருக்கிறவர்களுக்கு இது சுலபம். தையல் மிஷின் முன் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஆறடிச் சந்தில் வீடு திரும்புகிறவரிடம் 'தினம் முப்பது நிமிஷம் வாக்கிங் போங்க' என்று சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கும். அவருக்குச் சொல்லக்கூடியது பீடியை விடுங்கள் என்பதுதான், எல்.டி.எல். எத்தனை இருந்தாலும் அதன் சேதத்தைப் பெருக்குவது புகை.

மருந்து தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி ரத்தம் பார்ப்பார்கள். அது மருந்து வேலை செய்கிறதா, டோஸ் போதுமா என்று தெரிந்துகொள்ள. குறைக்கலாமா, நிறுத்தலாமா என்பது டாக்டர் உங்கள் வயதையும் சர்க்கரையையும் குடும்பக் கதையையும் வைத்து முடிவு செய்ய வேண்டியது. ரிப்போர்ட்டில் நல்ல எண் வந்தால் அதை அவரிடம் காட்டுங்கள். திரும்பி வருகிற வழியில் மெடிக்கலில் நின்று அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள், முழு ஸ்ட்ரிப்பாக.